ஐந்து பேருக்குக் குறையாமல்

அறுபது சுவர்களில் செத்துப்போயிருந்த ஆவுடையப்பன், அன்று காலை அருப்புக்கோட்டை பஜாரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, தன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத் தானே படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் சுற்றி நின்றவர்களிடம், "போட்டோ நல்லாத்தான்டா வந்திருக்கு" என்றார். பஜாரே சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள், அந்தப் போஸ்டரை அடித்த தவசிலிங்கம்.

இந்தக் காலத்தில் போஸ்டரா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கட்சி மாநாடு எல்லாம் தெருமுனைத் திரைகளுக்குப் போய் இருபது வருஷமாகிறது. சாவு மட்டும் சுவரை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. பசை தடவி ஒட்டின தாளில் முகத்தைப் பார்த்தால்தான் ஊர் நம்புகிறது. அந்த ஒரு பிடிவாதத்தில்தான் தவசிலிங்கத்தின் டிசைன் கடை ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவனிடம் இரண்டு வேலை. ஒன்று, மில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்ற ஆவுடையப்பனின் மணிவிழாவுக்குத் தெருமுனைத் திரை வாழ்த்து. இன்னொன்று, நெசவாளர் காலனி பரமானந்தத்தின் மறைவு. பெயர், தேதி, 'ஆழ்ந்த வருத்தத்துடன்' எல்லாம் சரியாகத்தான் போட்டான். முகத்தை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டான். விடிவதற்குள் ஒட்டுகிறவர் அறுபதையும் ஒட்டி முடித்துவிட்டார்.

பரமானந்தத்தின் மகன்கள் வந்து வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். மதியத்துக்குள் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, புதிதாக அடித்து ஒட்டிக் கொடுத்தான். செத்ததாகப் பேச்சு வந்தால் ஆயுசு கெட்டி என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டல்லவா, ஆவுடையப்பன் அதைச் சொல்லியே பத்து நாள் டீ குடித்தார். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவிடாமல் செய்தது பஸ் கண்டக்டர் சொன்ன ஒரு சேதி. ஆவுடையப்பனின் மனைவி செண்பகவல்லி, அக்காவைப் பார்க்கப் பந்தல்குடிக்குப் போயிருந்தார். காலை முதல் பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஜன்னல் வழியாகச் சுவரில் புருஷன் முகத்தைப் பார்த்திருக்கிறார். மேலே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. கீழே சின்ன எழுத்தில் இருந்த பெயரை ஓடுகிற பஸ்ஸிலிருந்து யார் படிப்பார்கள்? "அடுத்த ஸ்டாப்புல எறங்கி வீட்டுக்கு ஓடுச்சுப்பா அந்தம்மா. பாவம்" என்றார் கண்டக்டர்.

நிறுத்தத்திலிருந்து அந்த வீடு ஆறு நிமிஷ நடை. அந்த ஆறு நிமிஷத்தைத் தவசிலிங்கத்தால் விழுங்க முடியவில்லை. பத்து நாள் கழித்து மணிவிழாவுக்குப் போனான். மேடையில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லி அவனைப் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஒரு நாள் காய்கறிக் கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு நாள், அவன் வருவதைப் பார்த்து ரோட்டையே கடந்து எதிர்ப்பக்கம் போனார். அவ்வளவுதான். தாலி கட்டிய மனுஷனைச் சாகடித்துக் காட்டிய பாவி என்று அந்த அம்மா வயிறெரிந்து சபிக்கிறார் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். வெட்கம் அவனைப் பிடித்துத் தின்றது.

ஒரு போஸ்டரை ஒன்பது தடவை சரிபார்த்தான். பத்தாவது தடவை பெண்டாட்டி பொன்மாரியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னான். கடைக்குச் சுற்றுவழியில் போனான். பிறகு மதியத்துக்கு மேல்தான் திறந்தான். கடைசியில் திறப்பதையே விட்டுவிட்டான். நாலு மாசம் பொறுத்துப் பார்த்த பொன்மாரி ஒரு காலையில், "கெளம்புங்க. ஒண்ணு நீங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க, இல்ல நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள். கிளம்பினான்.

ஊரில் மனநல ஆலோசகர் என்று இருந்தது ஜெசிந்தா ஒருவர்தான். தூத்துக்குடிக்காரர். மருந்துக்கடை மாடியில் ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு மேசை. தவசிலிங்கம் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்தார்.

"அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. இது நடந்தது. அவங்க உங்களைச் சபிக்கிறாங்க. இது?"

"அதுவும் நடந்ததுதான் மேடம்."

"யாரு பாத்தா?"

தவசிலிங்கம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, சுண்டுவிரலிலேயே நின்றான்.

"அது நீங்க சேர்த்தது தவசி. நடந்ததுக்கும் உங்க வேதனைக்கும் நடுவுல ஒரு வாக்கியம் உக்காந்திருக்கு. வர்ற வேகத்துல அது கண்ணுக்குத் தெரியறதில்ல. நெஞ்சு எரியறது மட்டும்தான் தெரியும். அந்த வாக்கியத்தைப் பிடிச்சுத் தாள்ல போடுங்க. எத்தனை சதவீதம் நம்புறீங்கன்னு எழுதுங்க. இந்தப் பக்கம் சான்று, அந்தப் பக்கம் எதிர்ச்சான்று. ரெண்டையும் பாத்துட்டு, இப்போ எத்தனை சதவீதம்னு திரும்ப எழுதுங்க. வைத்தியமே அவ்வளவுதான். கேக்கச் சின்னதா இருக்கும். செஞ்சு பாத்தா மூச்சு வாங்கும்."

"கடையத் திறக்காததும் தப்பா?"

"திறக்காம இருக்க இருக்க, உங்க நினைப்பு பொய்னு தெரிய ஒரு சந்தர்ப்பமே கிடைக்காது. ஒன்பது தடவை சரிபாக்கிறதும் அதே கதைதான். ஒன்பது தடவை பாத்ததாலதான் பிழைச்சோம்னு மனசு சொல்லிக்கும்."

தவசிலிங்கம் தாளைப் பார்த்தான். 'சபிக்கிறார்' என்று எழுதி, பக்கத்தில் 95 என்று போட்டான். "எதிர்ச்சான்றுக்கு எங்க மேடம் போறது? அடுத்தவுக மண்டைக்குள்ளயா?"

ஜெசிந்தா கொஞ்சம் தயங்கினார். "முன்னெல்லாம், போய்க் கேட்டுட்டு வாங்கன்னு சொல்லி அனுப்புவோம். இப்போ நீங்க சொன்ன மாதிரியே ஒரு வழி வந்திருக்கு" என்று காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினார்.

அங்கே இருந்தது செவிமணி. பயறு அளவில் ஒரு வில்லை. யாரிடம்தான் இல்லை? அது இல்லாமல் பஸ் ஏற முடியாது, ரேஷன் வாங்க முடியாது. மனசுக்குள் வார்த்தையாக ஓடுவதை அது படிக்கும். 'வர லேட்டாகும்' என்று நினைத்தாலே வீட்டுக்குச் சேதி போய்விடும். படித்ததை எல்லாம் கம்பெனி பதினைந்து நாள் வைத்திருக்கும் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது.

"ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் சரிபார்ப்புன்னு ஒரு சேவை கொடுத்திருக்காங்க. இந்தா இருக்கே பெட்டி, இது வழியா உங்க போன்ல தெரியும். ஒரு இடத்துல நீங்க நின்னப்போ பத்தடிக்குள்ள இருந்தவங்க உங்களைப் பத்தி என்ன நினைச்சாங்கன்னு காட்டும். பேர் இருக்காது. வார்த்தை மட்டும்தான்."

"அவுக எல்லாம் சம்மதிச்சிருக்காகளா?"

"செவிமணி வாங்குறப்போ நாப்பது பக்கத்துக்கு ஒண்ணு வரும்ல? அதுல இருக்கு."

"அதை யாரு மேடம் படிக்கிறா?"

ஜெசிந்தா மேசையைப் பார்த்தார். "யாரும் படிக்கிறதில்ல. ஆனா ஒரு விதி இருக்கு. பத்தடிக்குள்ள ஐந்து பேருக்குக் குறையாம இருந்தாத்தான் காட்டும். ஒரே ஒருத்தர்னா, பேர் போடாட்டியும் யாருன்னு தெரிஞ்சிரும்ல. அப்புறம் அது சான்று இல்ல தவசி, ஒட்டுக்கேக்கிறது."

முதல் வாரம் பஸ் ஸ்டாண்டில் நின்றான். ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று எழுதி 90 போட்டான். பத்து நிமிஷம் நின்று, வியர்த்து வழிந்து வீட்டுக்கு வந்து சரிபார்ப்பைத் திறந்தான். பத்தடிக்குள் இருந்தோர் முப்பத்தொன்று. அவனைப் பற்றி நினைத்தோர் ஒன்று. 'இந்த ஆள் கொஞ்சம் தள்ளி நின்னா போர்டு தெரியும்.' பக்கத்தில் ஒரு புள்ளி; இந்தியில் நினைத்ததாம்.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. பூ மார்க்கெட்டுக்குப் போனான், கல்யாண மண்டபத்துக்குப் போனான். பரமானந்தம் வீட்டு விசேஷம் ஒன்றுக்கே துணிந்து போனான். நாற்பத்திரண்டு பேர். நினைத்தவர்கள் மூன்று. ஒருவர், 'போஸ்டர்க்காரன் இளைச்சுட்டான்' என்று நினைத்திருந்தார். ஒருவர், அவன் சட்டை எந்தக் கடையில் எடுத்தது என்று. மூன்றாவது ஆள் அவனை வேறு யாரோ என்று நினைத்து வைதிருந்தார். தவசிலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று பொன்மாரி அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடை திறந்தது. சரிபார்ப்பது ஒன்பதிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. ஊர் தன்னை மறந்து மாசக்கணக்காகிவிட்டது என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. ஒரு வரி மட்டும் தாளில் அப்படியே நின்றது. செண்பகவல்லி என்னைச் சபிக்கிறார். 95.

"அதுக்கு மிஷின் ஆகாது" என்றார் ஜெசிந்தா. "நேர்ல போங்க. என்னால உங்களுக்குக் கஷ்டமாப்போச்சு, மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை. அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான் சான்று."

தலையை ஆட்டிவிட்டு வந்தான். மூன்று தடவை அந்தத் தெருமுனை வரை போய்த் திரும்பினான். நாலாவது தடவை திரும்பி வரும்போதுதான் அவன் புத்தி வேறு வழியில் போயிற்று.

விசைத்தறியில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர்கள் நாலு பேர் அவனுக்குப் பழக்கம். அவர்கள் ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு ஒடியாவில் வாழ்த்து அடித்துக் கொடுப்பவன் அவன்தான். வேறு பாஷையில் நினைத்ததைச் சரிபார்ப்பு தமிழாக்கித்தான் காட்டும், ஆனால் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கும். இது அவனுக்குப் பஸ் ஸ்டாண்டிலேயே தெரியும். செண்பகவல்லி ரேஷன் கடைக்குக் கூட்டமில்லாத நேரமாக, வியாழக்கிழமை இரண்டு மணிக்கு வருவார். அதுவும் அவனுக்குத் தெரியும். அவர் கண்ணில் படாமல் இருக்க, அவர் நடமாட்டத்தை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தவன் அல்லவா.

"சும்மா வந்து வரிசையில நில்லுங்கப்பா. டீ வாங்கித் தர்றேன்" என்று நாலு பேரையும் கூட்டிப் போனான். செண்பகவல்லி வந்தார். வலது மணிக்கட்டில் துணிக்கட்டு போட்டிருந்தார். அவனைப் பார்த்ததும் வழக்கம்போலத் தலையைக் குனிந்தார். இரண்டு நிமிஷம் நின்றான். நாலும் ஒன்றும் ஐந்து. விதிக்குக் குறைவில்லை.

கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சரிபார்ப்பைத் திறந்தான். பத்தடிக்குள் இருந்தோர் ஐந்து. அவனைப் பற்றி நினைத்தோர் மூன்று. 'இந்த அண்ணன் எதுக்கு நம்மளக் கூட்டியாந்தாரு', பக்கத்தில் புள்ளி. 'டீயோட வடையும் வாங்கித் தருவாரா', அதற்கும் புள்ளி. மூன்றாவதற்குப் புள்ளி இல்லை.

'போஸ்டர் அடிச்ச தம்பி. பாக்குது. தெரிஞ்சிருச்சோ. ஓடுனேன்னு ஊரு சொல்லுது. நான் எங்க ஓடுனேன். நடந்தேன். மெதுவா நடந்தேன். இனி அடி இல்லன்னு நெனச்சுக்கிட்டே நடந்தேன். பாவி நான். அந்த ஆறு நிமிஷம் அப்படியே இருந்திருக்கக் கூடாதா சாமி. இந்தத் தம்பி மூஞ்சியப் பாத்தா அதுதான் நெனப்பு வருது.'

வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல! அதைப் படித்ததும் தவசிலிங்கத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம். சபிக்கவில்லை! அந்த அம்மா தன்னைச் சபிக்கவில்லை! 95ஐ அடித்துவிட்டு 0 போட்டான். வீட்டுக்குப் போய்ப் பொன்மாரியிடம் தோசை சுடச் சொல்லி நாலு தின்றான். எழுந்து போய்க் கை கழுவும்போதுதான் அந்த வாக்கியம் திரும்ப வந்தது. இனி அடி இல்லன்னு.

குழாயைத் திறந்துவிட்டபடியே நின்றான். மணிவிழா மேடை ஞாபகம் வந்தது. ஆவுடையப்பன் சிரித்துக்கொண்டே மனைவியின் முழங்கையைப் பிடித்திருந்தார். பிடித்த இடத்தில் விரல் வெளுத்திருந்தது. காய்கறிக் கடையில் முகத்தைத் திருப்பியபோது அந்த அம்மாவின் காதோரம் கருநீலமாக ஏதோ இருந்தது. இன்றைக்கு மணிக்கட்டில் கட்டு. எல்லாவற்றையும் இந்தக் கண்ணால்தானே பார்த்தான்? பார்த்து, எல்லாமே தன்னைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டான். ஏழு மாசமாக ஒரு மனுஷி தலைகுனிந்து போனதில் அவனுக்குத் தன் மூஞ்சி மட்டுமே தெரிந்திருக்கிறது.

ஜெசிந்தாவிடம் அவன் உண்மையைச் சொல்லவில்லை. தாளில் இருந்த 0வைப் பார்த்து அவர், "என்ன சான்று கிடைச்சது?" என்று ஆசையாகக் கேட்டார்.

"ரேஷன் கடையில பாத்தேன் மேடம். சிரிச்சாக."

"பாத்தீங்களா! நேர்ல கிடைச்ச சான்றுக்கு ஈடே இல்ல தவசி."

அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்க்க முடியாமல் அவன் நாற்காலிக் காலைப் பார்த்தான். இறங்கி வரும்போது படியில், எதிரே செண்பகவல்லி ஏறி வந்துகொண்டிருந்தார். ஒரு விநாடிதான். தவசிலிங்கம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பிய பிறகுதான் உறைத்தது. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அந்த அம்மா பயந்துகொண்டிருந்தார். ஏழு மாசமாக அது வெறும் நினைப்பு. வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அதை நிஜமாக்கியவன் அவன்தான். இப்போது முகத்தைத் திருப்பி அதற்குச் சான்றும் கொடுத்துவிட்டான்.

அடுத்த செவ்வாய் பகல் பதினொரு மணிக்குக் கடை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. செண்பகவல்லி உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் மடித்த தாள். எந்தத் தாள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதே கட்டங்கள், அதே கோடுகள்.

"அவரு கோயில் கமிட்டிக்குப் போயிருக்காரு. ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன் தம்பி" என்றார். தாளை மடியில் வைத்துக்கொண்டார். "கைக்குக் கட்டுப் போட மருந்துக்கடைக்குப் போனேன். அங்க இருந்த நர்ஸம்மா, மாடியில அந்த மேடத்துக்கிட்ட அனுப்பி விட்டாக. ஒங்களையும் அங்க பாத்தேன். அதனால ஒங்களுக்கு இந்தத் தாளு புரியும்."

"புரியும்மா."

"எனக்கு ஒரு நெனப்பு. ஒங்களுக்கு என்னையப் பத்தி ஏதோ தெரியும்னு. மிஷின்ல பாக்கலாம்னாக மேடம். நான் வேணாம்னுட்டேன். அடுத்தவுக மண்டைக்குள்ள எட்டிப் பாக்குறது நல்லாவா இருக்கு? நேர்லயே போய்க் கேட்டுட்டு வர்றேன்னேன்." ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். "என்னையப் பத்தி என்ன நெனக்கிறீக தம்பி?"

தவசிலிங்கத்துக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை போல் இருந்தது. நாலு தடவை தெருமுனை வரை போய், கேட்கத் துப்பில்லாமல் திரும்பியவன் அவன். கட்டுப்போட்ட கையோடு, ஒரு மணி நேரத்தைத் திருடிக்கொண்டு வந்து, அந்த அம்மா கேட்டுவிட்டார்.

"நீங்க என்னையச் சபிக்கிறீகன்னு நெனச்சேம்மா" என்றான். "அந்தப் போஸ்டரால. ஏழு மாசமா அதுதான்."

"ஒங்களையா? எதுக்குப்பா?" செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தினதையும் மீறிச் சிரிப்பு வந்தது. "கூறுகெட்ட பிள்ள! நான் எதுக்குச் சபிக்கிறேன்? இதுக்கா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனீக அன்னைக்கு?"

அவன் பேசாமல் இருந்தான். பேசாமல் இருந்ததையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். மேசைமேல் தாளை விரித்து, இடது கையால் கோணல்மாணலாக 0 என்று எழுதினார். தோள் இரண்டும் இறங்கின. அந்த நிமிஷத்தில் அவர் முகம் பத்து வயது குறைந்துபோயிற்று. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எழுந்து போக விட்டிருந்தால் அவர் வைத்தியம் அங்கேயே பலித்திருக்கும். அவனுக்கும் தொல்லை இல்லை.

ஆனால் எழுத்தைத் தலைகீழாகப் படிப்பது அவன் தொழிலில் சாதாரணம். தாளின் அடியில் அச்சிட்டிருந்த கேள்வி அவன் கண்ணில் பட்டுவிட்டது. 'வீட்டில் நடப்பதை அறிந்தவர், அவசரத்துக்கு அழைக்கக்கூடிய ஒருவர் பெயர்.' பக்கத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அவன் கண் போன இடத்தைப் பார்த்ததும் செண்பகவல்லி உள்ளங்கையால் அதை மூடினார்.

"வர்றேன் தம்பி. பொன்மாரியக் கேட்டதாச் சொல்லுங்க."

"அம்மா" என்றான். "அந்த 'இல்லை'ய அடிச்சிருங்க. ஒரு ஆளு இருக்கான்."

எழுந்தவர் அப்படியே நின்றார்.

சொன்னான். நாலு ஒடிசாக்காரர்களையும் டீயையும் வியாழக்கிழமையையும் ஒன்றுவிடாமல் சொன்னான். நிமிர்ந்து பார்த்துச் சொல்ல முடியவில்லை. கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"என்ன வார்த்தை வந்துச்சு?" என்று கேட்டார். குரல் வேறாக இருந்தது.

"வேணாம்மா."

"சொல்லுங்க."

"மெதுவா நடந்தேன்னு."

செண்பகவல்லி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வெளியே ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"அந்த வீட்டுல எனக்குன்னு ஒரு மூலை கெடையாது தம்பி. பீரோ சாவி அவருகிட்ட, போனு அவருகிட்ட. எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்" என்று நெற்றியைத் தொட்டார். "அதுக்குள்ளயும் செருப்புக் காலோட வந்துட்டீக."

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஏழு மாசமாக எந்த முகத்தைக் கற்பனை செய்து செத்துக்கொண்டிருந்தானோ, அதே முகம் எதிரே இருந்தது. அதே வெறுப்பு. இந்தத் தடவை அதை அவன் சேர்க்கவில்லை.

அவர் வெளியே போகவில்லை. பேனாவை எடுத்தார். 0வின் மேல் ஒரு கோடு போட்டார். 'இல்லை'யின் மேல் ஒரு கோடு போட்டார். "பேரு தவசிலிங்கம்தானே?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். "மேடம் கூப்பிட்டா வரணும். ஒங்க மேல எனக்கு நல்ல எண்ணம் இருக்குன்னு நெனச்சுக்கிடாதீக. வேற ஆளு இல்ல" என்றார். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, இறங்கிப் போனார்.

மறுநாள் ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தான். அவர் எழுந்து போய், அறையிலிருந்த சரிபார்ப்புப் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். "அந்த நாப்பது பக்கத்தை நானாவது படிச்சிருக்கணும்" என்றார். அவர் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

தவசிலிங்கம் புதுத் தாள் ஒன்றை நீட்டினான். 'ஒரு பொம்பளையோட மனசைத் திருடினவன் நான்.' 100. சான்றுக் கட்டம் நிரம்பி வழிந்தது. எதிர்ச்சான்றுக் கட்டம் காலி.

"இதுக்கு என்ன மேடம் எழுதுறது?"

"ஒண்ணும் எழுத வேண்டாம். பொய்யான நினைப்பாயிருந்தா குறைக்கலாம். இது உண்மை. உண்மைக்கு என்கிட்ட மருந்து இல்ல தவசி. இதை வச்சுக்கிட்டு அடுத்து என்ன செய்யணுமோ, அதைச் செய்யலாம். கடையைத் திறந்து வைங்க. காதுல இருக்கறதைக் கழட்டாதீங்க. நான் கூப்பிடுவேன்."

பன்னிரண்டு நாள் கழித்து, மதியம் மூன்று மணிக்கு அவர் கூப்பிட்டார். தவசிலிங்கம் ஒரு கண்ணீர் அஞ்சலியை இரண்டாம் முறை சரிபார்த்துக்கொண்டிருந்தான். "அந்தம்மா செவிமணியில கூப்பிட்டாங்க. போலீஸுக்குச் சொல்லிட்டேன். அவங்க வர இருபது நிமிஷம் ஆகும். நீங்கதான் பக்கம்" என்றார். குரலில் பதற்றம்.

கடையை ஒட்டிய பஸ் நிறுத்தத்திலிருந்து அந்த வீடு ஆறு நிமிஷ நடை. தவசிலிங்கம் ஓடினான்.